பாலிசியில் 'மருத்துவமனை' என்றால் எது?

மருத்துவக் காப்பீட்டு பாலிசி கைக்கு வந்ததும் பிரீமியத்தையும் காப்பீட்டுத் தொகையையும் பார்த்துவிட்டு பீரோவில் வைத்துவிடுகிறோம். கொஞ்சம் கவனமானவர்கள் புரியாத சொற்களுக்கு அர்த்தம் தேடுவார்கள். க்ளெய்ம் நேரத்தில் காலை வாரிவிடுவது பெரும்பாலும் நமக்குத் தெரிந்த சொற்கள்தான்.

'மருத்துவமனை'க்கு என்ன விளக்கம் வேண்டிக்கிடக்கிறது என்று தோன்றும். ஆனால் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறைப்படி அந்த இடம் முறையாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இல்லையா? 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரென்றால் குறைந்தது 10 படுக்கைகள், மற்ற இடங்களில் 15. இரவும் பகலும் டாக்டர், நர்ஸ், போதாக்குறைக்கு ஆபரேஷன் தியேட்டரும் வேண்டும். வலியோடு தெருமுனை நர்சிங் ஹோமுக்கு ஓடுகிறவர் படுக்கையை எண்ணிக்கொண்டா இருப்பார்? அதனால் இதை முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

'அட்மிஷன்' என்பதும் அப்படித்தான். ராத்திரி பத்து மணிக்குச் சேர்ந்து மறுநாள் மாலை ஆறுக்கு வீடு திரும்பினால் 20 மணி நேரம்தான் ஆகிறது. வரையறை கேட்பது தொடர்ச்சியாக 24 மணி நேரம். கண்புரை அறுவை, டயாலிசிஸ் போன்றவை 'டே கேர்' என்ற பெயரில் இதிலிருந்து தப்பும்.

அப்புறம் 'முன்பே இருந்த நோய்'. "பாலிசி எடுத்தபோது சுகர் நார்மலாகத்தான் இருந்தது" என்பார்கள். சரி, ஆனால் அதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்திருந்தால் அது முன்பே இருந்த நோய்தான். 2024-க்கு முன் இது 48 மாதமாக இருந்தது. விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

இன்னொரு தவறு, ஓரிடத்தில் படித்த அர்த்தத்தை வேறிடத்துக்குத் தூக்கிச் செல்வது. போக்சோ சட்டத்தில் 18 வயது நிரம்பாத எவரும் குழந்தை. கல்வி உரிமைச் சட்டத்தில் 6 முதல் 14 வரைதான். பதினைந்து வயதுப் பையன் ஒன்றில் குழந்தை, மற்றதில் இல்லை. சட்டங்களே இப்படியென்றால் பாலிசிகளைக் கேட்கவே வேண்டாம். ஒன்றில் 'குடும்பம்' என்றால் மாமனார் மாமியாரும் உண்டு, இன்னொன்றில் பெற்றோருக்கே இடமிருக்காது.