அம்பது வயசுக்கு மேல ஓவியத்த தொழிலா எடுக்குறது எப்படி: நான் போன வழி, படிப்படியா

வேற ஏதோ வேலையில பாதி ஆயுசு போயாச்சு, இப்போ பெயின்டிங்தான் இனிமே என் தொழில்னு முடிவு பண்ணவங்களுக்காக இத எழுதுறேன். பிரஷ் புடிக்கிறது, கலர் கலக்குறது, பர்ஸ்பெக்டிவ் இதெல்லாம் இங்க வராது, அதுக்கு வீடியோ கொட்டிக்கிடக்கு. ஓரளவு வரைய வரும், ஆனா அங்கேருந்து "நான் ஓவியர், இது என் படம், இது விலை"ன்னு சொல்ற இடத்துக்கு எப்படி போறதுன்னு தெரியல, அந்த நடுவுல இருக்குற தூரம்தான் விஷயம்.

வயசு பத்தி ஒரே பாராவுல முடிச்சிடுறேன். அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ், எல்லாரும் கிராண்ட்மா மோசஸ்னு சொல்றவங்க, 1860ல பொறந்தவங்க, எழுவது வயசு தாண்டினப்புறம்தான் முழுமூச்சா வரைய ஆரம்பிச்சாங்க. 1938ல ஒரு மருந்துக்கடை ஜன்னல்ல இருந்த அவங்க படங்கள ஓவியம் சேகரிக்கிற ஒருத்தர் பார்த்து வாங்கினார், 1940ல நியூயார்க்ல முதல் தனி கண்காட்சி நடந்தப்ப அவங்களுக்கு 80 வயசு. ஆஸ்திரேலியாவோட எமிலி காமே ங்வாரேயி கேன்வாஸ்ல அக்ரிலிக் தொட்டப்ப எண்பத நெருங்கிட்டாங்க, 1996ல சாகுற வரைக்கும் நிறுத்தல. ஆன்றி ரூசோ பாரிஸ்ல சுங்கம் வசூலிக்கிற வேலையில இருந்தவர், 1893ல, 49 வயசுல, ஓய்வு வாங்கிட்டு முழு நேரமா வரைய வந்தார். இதுல முதல் ரெண்டு பேர நல்லா கவனிங்க. மோசஸ் வரைஞ்சது அவங்க வாழ்ந்த பண்ணை வாழ்க்கைய, எமிலி வரைஞ்சது அவங்க மண்ண, அந்த மண்ணோட சடங்குகள. என்ன வரையிறதுன்னு புதுசா தேடி அலையல. இத 3வது படியில திரும்ப சொல்லுவேன்.

படி 1: கண்ணாடியும் வெளிச்சமும்

பெயின்ட் வாங்குறதுக்கு முன்னாடி இது. படிக்கிற கண்ணாடி சுமார் 40 செ.மீ தூரத்துக்கு செட் பண்ணது, ஈசல்ல (கேன்வாஸ நிக்க வைக்கிற ஸ்டாண்டு) நிக்கிற கேன்வாஸோ கை நீட்டுற தூரம், 60, 70 செ.மீ வரும். அதனால படிக்கிற கண்ணாடிய போட்டா படம் மங்கும், ப்ரோக்ரெசிவ் (தூரம், கிட்ட ரெண்டுக்கும் ஒரே கண்ணாடி) போட்டா தெளிவா தெரியிற இடத்த புடிக்க தாடைய தூக்கிட்டே நிக்கணும், கொஞ்ச நேரத்துல கழுத்து போயிடும். கண் டாக்டர்கிட்ட ஈசல் தூரத்த அளந்து சொல்லி அதுக்குன்னு ஒரு ஒற்றை பவர் கண்ணாடி வாங்குங்க, கம்ப்யூட்டர் கண்ணாடின்னு கேட்டாலே புரிஞ்சுப்பாங்க. என்னைய கேட்டா விலை கூடின பிரஷ் செட்ட விட இதுதான் முதல் செலவு.

லைட் 5000 கெல்வின் (பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை), சி.ஆர்.ஐ (கலர எவ்வளவு சரியா காட்டும்ங்கிற அளவு) 90க்கு மேல, அட்டையிலயே போட்டிருக்கும். மஞ்ச பல்புல கலந்த கலர் காலையில வேற மாதிரி நிக்கும். வயசாக ஆக கண்ணு லென்ஸும் கொஞ்சம் மஞ்சளாகும், புரை இருந்தா தள்ளிப்போடாம பாத்துக்கோங்க. பிரெஞ்சு ஓவியர் மோனே கண்புரையோட வருஷக்கணக்கா வரைஞ்சவர், 1923லதான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டார், அந்த காலத்து படங்கள்ல செம்மண் நிறம் ஏறியிருக்கிறத பார்த்தாலே தெரியும்.

படி 2: ஒரே மீடியம், கொஞ்சமா கலர்

ஆயிலா அக்ரிலிக்கா வாட்டர்கலரா, ஒண்ண எடுங்க, ரெண்டு வருஷம் அதுலயே இருங்க. எனக்கு ஆயில்தான். மெதுவா காயும், யோசிச்சு மாத்த நேரம் கிடைக்கும். நாத்தம் ஆகாதவங்க அக்ரிலிக் எடுக்கலாம், ஆனா காஞ்சதும் ஒரு ஷேடு கருக்கும், அத கணக்கு வச்சு கலக்கணும்.

ஸ்டூடண்ட் கிரேடு வேண்டாம். அதுல பிக்மென்ட் (நிறம் தர்ற பொடி) கம்மி, ஃபில்லர் (அளவு கூட்ட சேர்க்குற மலிவு பொடி) ஜாஸ்தி. ஆறே ட்யூப் வாங்குங்க, ஆனா ஆர்ட்டிஸ்ட் கிரேடா வாங்குங்க. ட்யூப் பின்னாடி இருக்குற பிக்மென்ட் கோட படிக்க பழகிக்கோங்க, பேரு ஏமாத்தும், கோடு ஏமாத்தாது. அலிசரின் கிரிம்சன்னு அழகான சிவப்பு ஒண்ணு இருக்கு, கோடு பி.ஆர் 83ன்னா அது வெளிச்சத்துல வெளுக்குற ரகம், அதுக்கு பதிலா பி.வி 19 வாங்குங்க. வெளிச்சத்துல வெளுக்காம எவ்வளவு தாங்கும்னு சொல்ற ஏ.எஸ்.டி.எம் ரேட்டிங் 1 இல்லன்னா 2 இருக்கணும், 3ம் அதுக்கு மேல உள்ள நம்பரும் தொடாதீங்க. பொழுதுபோக்குன்னா பரவால்ல, காசு வாங்கிட்டு குடுக்குற படம் வாங்கினவர் சுவத்துல வெளுத்து நிக்கக்கூடாது இல்லையா.

படி 3: ஒரே விஷயத்துல 15, 20 படம்

கேலரிக்காரங்க பார்க்கிறது உங்க பெஸ்ட் படத்த இல்ல, இந்த ஆள் அடுத்த படத்தையும் இதே மாதிரி குடுப்பாரான்னுதான். ஒரு பூ, ஒரு முகம், ஒரு மலை, ஒரு அப்ஸ்ட்ராக்ட்னு போட்டோ காட்டினா ஒவ்வொண்ணும் நல்லா இருந்தாலும் கத்துக்கிற ஸ்டூடண்ட் ஃபோல்டர் மாதிரிதான் தெரியும். அதனால ஒரு விஷயம், ரெண்டே சைஸ், ஒரே மாதிரி பேலட் (கலர் செட்), இதுல 15, 20 படம் முடிங்க.

எந்த விஷயம்? இங்கதான் லேட்டா வர்றவங்களுக்கு பெரிய சொத்து இருக்கு. முப்பது வருஷம் நர்ஸா இருந்தவங்களுக்கு தூங்குற நோயாளியோட கை எப்படி கிடக்கும்னு தெரியும், மெக்கானிக்குக்கு எண்ணெய் படிஞ்ச இரும்புல வெளிச்சம் எப்படி விழும்னு தெரியும். ஆர்ட் காலேஜ் முடிச்ச இருவது வயசு பையனுக்கு அது கிடையாது. நீங்க பார்த்து பார்த்து சலிச்சுப்போனதுதான் மத்தவங்க பார்க்காதது, அத வரைங்க.

படி 4: போட்டோ

வேகமா சொல்றேன். மேகமூட்டமான நாள், வெளில நிழல்ல, கேமரா கேன்வாஸுக்கு நேரா, நடுவுல. வீட்டுக்குள்ளன்னா ரெண்டு பக்கமும் 45 டிகிரில ஒரே மாதிரி லைட். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

படி 5: விலை

நான் ரொம்ப காலம் நகராம நின்னது இங்கதான், அதனால நீளமா எழுதுறேன்.

எத்தன மணி நேரம் ஆச்சுன்னு பார்த்து விலை வைக்காதீங்க, கஷ்டப்பட்டு சொதப்பின படம் விலை கூடி, கையில அப்படியே வந்த படம் விலை கொறைஞ்சிடும். மனசுக்கு புடிச்ச படத்துக்கு ஜாஸ்தி வைக்கிறதும் கூடாது. சைஸ் வச்சு போடுங்க. நிறைய பேர் சதுர இஞ்ச் கணக்கு சொல்லுவாங்க, அது எனக்கு ஒத்து வரல, ஏன்னு கணக்கு பாருங்க: 8க்கு 10 படம் 80 சதுர இஞ்ச், 24க்கு 36 படம் 864. பெரிசு சின்னத விட பத்து மடங்குக்கு மேல போயிடும், அந்த விலைக்கு பெரிசு விக்காது, இல்லன்னா சின்னது கேன்வாஸ் காசுக்கு கூட வராது. அதுக்கு பதிலா நீளத்தையும் அகலத்தையும் கூட்டுங்க. 8ம் 10ம் 18, 16ம் 20ம் 36, 24ம் 36ம் 60. இத ஒரு நிலையான ரேட்டால பெருக்குங்க. இப்போ பெரிசு சின்னத போல மூணேகால் மடங்கு சொச்சம், ரெண்டும் விக்கிற விலையில நிக்கும்.

அந்த ரேட்ட எப்படி முடிவு பண்றது? உங்க நடு சைஸ் படத்துக்கு கேன்வாஸ், பெயின்ட், ஃப்ரேம் செலவ கூட்டுங்க. கேலரி கமிஷன் பாதி வரைக்கும் போறது சகஜம், பாதி போனப்புறமும் செலவு போக கையில மிஞ்சணும். அப்புறம் உங்க அளவு அனுபவம் உள்ளவங்க அதே சைஸ என்ன விலைக்கு விக்கிறாங்கன்னு பார்த்து அதுக்கு பக்கத்துல நில்லுங்க.

ரெண்டு விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். கேலரில ஒரு விலை, வீட்டுக்கு வந்து வாங்கினா ஒரு விலைன்னு வைக்கக்கூடாது, கேலரிக்கு தெரிஞ்சா அத்தோட முடிஞ்சது. சொந்தக்காரங்களுக்கு குறைச்சு குடுத்தா பில்லுல முழு விலைய எழுதி, கீழ தள்ளுபடின்னு தனியா காட்டுங்க, இல்லன்னா அந்த விலைதான் உங்க விலைன்னு ஊரெல்லாம் பரவிடும். விலை லிஸ்ட்ட பிரிண்ட் எடுத்து வச்சிருங்க. யாராவது கேட்டா பேப்பர நீட்டுங்க, வாய் தடுமாறாது.

படி 6: கணக்கு

ஒவ்வொரு படத்துக்கும் நம்பர், தலைப்பு, சைஸ், மீடியம், வருஷம், யார்கிட்ட இருக்கு, ஒரு ஷீட்ல போடுங்க. அதையே கேன்வாஸ் பின்னாடியும் எழுதுங்க. படத்த வித்தாலும் எழுதி குடுக்காத வரைக்கும் காப்பிரைட் பொதுவா வரைஞ்சவர்கிட்டதான், பிரிண்ட் போடுற உரிமை தானா போயிடாது. அதே நியாயம் உங்களுக்கும்தான், நெட்ல கிடைச்ச அடுத்தவங்க போட்டோவ பார்த்து வரைஞ்சு விக்காதீங்க, நீங்களே எடுங்க.

அப்டேட்: ஆயில் தொடச்ச துணிய என்ன பண்றதுன்னு ஒருத்தர் கேட்டாங்க, இத நான் முதல்லயே எழுதியிருக்கணும். ஆயில் பெயின்ட்ல இருக்குற லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) காத்தோட ஆக்சிஜன எடுத்துதான் காயும், அப்போ சூடு வரும். துணிய சுருட்டி குப்பைத்தொட்டில போட்டா அந்த சூடு உள்ளயே தங்கி தானா தீ புடிக்கும், நிஜமா நடக்குறது. வெளில விரிச்சு காயப்போடுங்க, இல்லன்னா மூடி இருக்குற தகர டப்பால தண்ணி ஊத்தி முக்கி வைங்க.

இன்னொரு அப்டேட்: முகம் வரைஞ்சு தர ஆர்டர் வந்தா எப்படின்னு நிறைய பேர் கேக்குறீங்க. பாதி பணம் முன்கூட்டி, ஸ்கெட்ச் ஓகே ஆன அப்புறம்தான் பெயின்ட், அதுக்கப்புறம் போஸ் மாத்த சொன்னா தனி காசு, இந்த மூணையும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டப்புறம் கேன்வாஸ எடுங்க.