சின்ன, எடை குறைந்த கேமிங் லேப்டாப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முதல்முறை வாங்குவோருக்குப் படிப்படியாக

என் முதல் ஒல்லி கேமிங் லேப்டாப்பை ஒரே ஒரு வரியைப் பார்த்து வாங்கினேன்: கிராபிக்ஸ் கார்டின் பெயர். நண்பனிடம் இருந்த தடிமனான லேப்டாப்பிலும் அதே கார்டுதான். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து ஒரே கேமை ஓட்டினோம். முதல் ஐந்து நிமிடம் என்னுடையது அவனுடையதற்கு ஈடுகொடுத்தது. பத்தாவது நிமிடத்தில் ஃபேன் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. இருபதாவது நிமிடத்தில், திரை மூலையில் ஓடிக்கொண்டிருந்த எஃப்பிஎஸ் எண் (ஒரு நொடியில் திரையில் வரும் ஃப்ரேம்கள், அதாவது படங்களின் எண்ணிக்கை) 85-இலிருந்து 58-க்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. அவனுடையது 90-ஐ விட்டு அசையவே இல்லை.

காரணம் வெப்பம். லேப்டாப் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ள ஃபேன், செம்புக் குழாய், உலோகத் தகடுகள் எல்லாம் வேண்டும். இவற்றுக்கு இடம் வேண்டும், எடையும் கூடும். உடம்பு மெலிய மெலிய, உள்ளே எரிக்க முடிந்த வாட் குறையும். அதனால் சின்ன லேப்டாப் தேடும்போது நான் போகும் வரிசை இது: முதலில் எடையைத் தீர்மானிப்பேன், அடுத்து அந்த எடைக்குள் எவ்வளவு வாட் கிடைக்கிறது என்று பார்ப்பேன். கார்டின் பெயரெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

படி 1: பையில் தண்ணீர் பாட்டிலை வைத்து நடந்து பாருங்கள்

14 இன்ச் கேமிங் லேப்டாப்புகள் பொதுவாக 1.5 முதல் 1.9 கிலோ வரை இருக்கும். மெலிதாகச் செய்யப்பட்ட 16 இன்ச் என்றால் 2 கிலோவை ஒட்டி. வழக்கமான கேமிங் லேப்டாப் 2.3 கிலோவில் தொடங்கி மேலே போகும். எண்ணாகப் படிக்கும்போது அரை கிலோ ஒன்றும் பெரிதாகத் தெரியாது. தோளில் ஏறும்போதுதான் தெரியும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வாங்க நினைக்கும் லேப்டாப்பின் எடைக்குச் சமமாக பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி, நீங்கள் தினமும் எடுத்துப்போகும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே இன்னொரு அரை லிட்டர் பாட்டிலையும் சேருங்கள், அது சார்ஜருக்கு. 180 வாட், 240 வாட் சார்ஜர்கள் அரை கிலோவுக்கும் முக்கால் கிலோவுக்கும் இடையில் இருப்பது சகஜம். விளம்பரத்தில் லேப்டாப்பின் எடை பெரிய எழுத்தில் இருக்கும், சார்ஜரின் எடையைத் தேடித்தான் எடுக்க வேண்டும். 1.6 கிலோ என்று நினைத்து வாங்கியது பைக்குள் 2.2 கிலோவாக உட்காரும்.

அந்தப் பையோடு ஒரு நாள் முழுக்க உங்கள் வழக்கமான பாதையில் போய் வாருங்கள், படிக்கட்டும் சேர்த்து. இரவில் தோள் என்ன சொல்கிறதோ, அதுதான் உங்கள் எடை வரம்பு. வாரத்துக்கு ஒருமுறைதான் வெளியே எடுப்பீர்கள் என்றால் 16 இன்ச்சுக்கே போங்கள். அதே பணத்துக்குக் குளிர்ச்சியான, வேகமான மெஷின் கிடைக்கும்.

படி 2: விளையாடப்போகும் கேம்களை எழுதுங்கள்

இதற்கு ஐந்து நிமிடம் போதும். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி போட்டி கேம்கள்தான் உங்கள் உலகம் என்றால் நடுத்தர கார்டே தாராளம், பிராசஸர் நன்றாக இருக்க வேண்டும். சைபர்பங்க் 2077 மாதிரி கேம்களை ரே டிரேசிங்கோடு (ஒளியும் நிழலும் நிஜம்போல் விழக் கணக்கிடும் வசதி) ஓட்ட ஆசைப்பட்டால் கார்டு கடுமையாக உழைக்க வேண்டியிருக்கும். ஒல்லி உடம்புக்கு அதுதான் உண்மையான சோதனை. பட்டியலில் ஆகக் கனமான கேம் எதுவோ, இனி எல்லா முடிவையும் அதை மனதில் வைத்தே எடுங்கள்.

படி 3: கார்டு பெயருக்குப் பக்கத்தில் உள்ள வாட்டைத் தேடுங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியை மட்டும்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டை எடுத்துக்கொள்வோம். கார்டைச் செய்யும் என்விடியா கம்பெனி இதற்குக் கொடுத்திருக்கும் மின் அளவு 35 வாட்டில் தொடங்கி 115 வாட் வரை நீள்கிறது. எவ்வளவு கொடுப்பது என்பதை லேப்டாப் செய்யும் கம்பெனி முடிவு செய்யும். 45 வாட்டில் ஓடினாலும் 115 வாட்டில் ஓடினாலும் பெட்டி மேல் ஒரே பெயர்தான். எனக்கு நடந்தது இதுதான்.

கம்பெனியின் விவரப் பக்கத்தில் கிராபிக்ஸ் பகுதிக்குக் கீழே பொடி எழுத்தில் டிஜிபி என்றோ, மேக்சிமம் கிராபிக்ஸ் பவர் என்றோ ஒரு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கேயுமே போடவில்லை என்றால், அந்த மாடலை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சோதித்த விமர்சனம் கிடைக்கும் வரை வாங்காதீர்கள். மெஷின் கையில் இருந்தால் இன்னும் சுலபம்: என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்தால் வாட் கணக்கு தெரிந்துவிடும்.

அந்த எண்ணுக்குள்ளும் ஒரு நுணுக்கம் உண்டு. 90 வாட் என்று போட்டிருப்பது பெரும்பாலும் 65 வாட்டும், டைனமிக் பூஸ்ட் தரும் 25 வாட்டும் சேர்ந்த கூட்டாக இருக்கும். பிராசஸர் சும்மா இருக்கும் நேரத்தில் அதன் பங்கு மின்சாரத்தைக் கார்டு வாங்கிக்கொள்வதுதான் டைனமிக் பூஸ்ட். பிராசஸருக்கும் வேலை இருக்கும் கேமில் அந்த 25 வாட் முழுதாக வந்து சேராது.

அப்படியென்றால் எவ்வளவு வாட் போதும்? 4060, அதற்கு அடுத்த கார்டான 4070 இரண்டிலும் 100 வாட்டைத் தாண்டிய பிறகு கிடைக்கும் கூடுதல் வேகம் சொற்பம். 50-க்கும் 80-க்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் கண்ணுக்கே தெரியும். ஆகவே 14 இன்ச் உடம்பில் 80 முதல் 100 வாட் வரை கிடைத்தால் நல்ல பேரம் என்றுதான் சொல்வேன். ஏசுஸ் செஃபிரஸ் ஜி14-இன் 2024 மாடல் இதற்கு ஓர் உதாரணம்: எடை ஏறக்குறைய 1.5 கிலோ, 4060 கார்டுக்கு அதிகபட்சம் 90 வாட்.

டெஸ்க்டாப் கார்டோடு ஒப்பிட்டுக் குழம்பவும் வேண்டாம். டெஸ்க்டாப் 4070-இல் 12 ஜிபி வீடியோ மெமரி, அதே பெயருள்ள லேப்டாப் கார்டில் 8 ஜிபி. உள்ளே இருக்கும் சிப்பே வேறு. அடுத்த தலைமுறையின் 5060, 5070 லேப்டாப் கார்டுகளும் 8 ஜிபிதான். 5070 டிஐ-க்குப் போனால் 12 ஜிபி. புது கேம்களில் டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி நிரம்பி, படம் திக்கித் திக்கி ஓடும். டெக்ஸ்சரை ஒரு படி குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்பதால் இதற்காக மட்டும் நான் கூடுதல் பணம் கொடுக்க மாட்டேன்.

படி 4: திரை

1920 × 1200 திரையில் சுமார் 23 லட்சம் புள்ளிகள். 2560 × 1600-இல் சுமார் 41 லட்சம். 2880 × 1800 என்றால் 52 லட்சத்தை நெருங்கும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இத்தனையையும் கார்டு வரைந்தாக வேண்டும். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற வசதிகள் குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கிக் கொடுப்பதால், மெல்லிய மெஷினிலும் 2560 × 1600 தைரியமாக எடுக்கலாம். 14 இன்ச்சில் அதற்கு மேல் என் கண்ணுக்கு வித்தியாசம் படவில்லை.

120 ஹெர்ட்ஸ் (திரை ஒரு நொடியில் படத்தை 120 முறை புதுப்பிக்கும் வேகம்) இருந்தால் போதும். மலிவான மாடல்களில் 45 சதவீத என்டிஎஸ்சி (திரை காட்டும் நிறங்களின் அளவு) என்று போட்டிருந்தால் தள்ளிப்போங்கள், நிறங்கள் வெளிறித் தெரியும். 100 சதவீத எஸ்ஆர்ஜிபி (இதுவும் நிற அளவுதான்) என்று இருக்க வேண்டும்.

படி 5: பின்னால் மாற்ற முடியாதவற்றை இப்போதே சரியாக எடுங்கள்

மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்படி என்றால் வாங்கும் அன்று எவ்வளவோ, கடைசி வரை அவ்வளவுதான். விவரப் பக்கத்தில் எல்பிடிடிஆர் (ஒரு ரேம் வகை) என்று பார்த்தால் ஏறக்குறைய உறுதி. 16 ஜிபி இன்றைக்கு ஓடும். நான்கைந்து வருடம் வைத்திருப்பேன் என்றால் 32 எடுங்கள். ரேமை மாற்றும் வசதி உள்ள மாடலில் 16-ஐ வாங்கிவிட்டு, பிறகு நிதானமாகக் கூட்டலாம்.

கேம்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி-யைப் பெரும்பாலும் மாற்றலாம். ஆனால் 14 இன்ச் உடம்பில் ஒரே ஒரு இடம்தான் இருப்பது வழக்கம், சில மாடல்களில் அதுவும் 2230 என்ற குட்டை அளவு. பல்டர்ஸ் கேட் 3 ஒன்றே 150 ஜிபி கேட்கிறது. 512 ஜிபி வாங்கினால் மாதம் ஒரு கேமை அழித்து இன்னொன்றை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 1 டிபி-யில் தொடங்குங்கள்.

படி 6: பேட்டரியும் சார்ஜரும்

பேட்டரியில் கேம் ஆடலாம் என்ற நம்பிக்கையை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். 70 வாட்-அவர் பேட்டரி உள்ள மெஷின் மணிக்கு 70 வாட்-அவர் வேகத்தில் குடித்தால் ஒரு மணி நேரம்தான். அதுவும் பேட்டரியில் ஓடும்போது கார்டின் வாட் குறைக்கப்படுவதால் கேமும் மந்தமாகிவிடும். பேட்டரி என்பது படிப்பதற்கும் எழுதுவதற்கும். விமானத்தில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோக 100 வாட்-அவர்தான் வரம்பு. பெரிய பேட்டரி லேப்டாப்புகள் 99-இல் வந்து நிற்பது அதனால்தான்.

யுஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஏறுமா என்று கட்டாயம் பாருங்கள். ஏறும் என்றால், கேம் ஆடாத நாட்களில் பெரிய சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டு, 65 அல்லது 100 வாட் குட்டி சார்ஜரோடு கிளம்பலாம். முதல் படியில் பையில் போட்ட அரை லிட்டர் பாட்டிலை எடுத்து வெளியே வைப்பது மாதிரிதான்.

படி 7: விமர்சனத்தில் இருபதாவது நிமிடத்தைத் தேடுங்கள்

ஒரே ஓட்டத்தில் வந்த மதிப்பெண்ணை நம்பாதீர்கள், அது சூடேறுவதற்கு முன் எடுத்த எண். அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டிய பிறகு எஃப்பிஎஸ் எங்கே நிற்கிறது, ஃபேன் எத்தனை டெசிபல், கீபோர்டின் இடப்பக்கம், அதாவது விளையாடும்போது விரல்கள் கிடக்கும் இடம், எவ்வளவு சுடுகிறது என்ற மூன்றையும் சொல்லும் விமர்சனமே உதவும். ஃபேன் சத்தம் 40 டெசிபலை ஒட்டி இருந்தால் பக்கத்தில் ஒருவர் படித்துக்கொண்டிருக்கலாம். 50-ஐத் தாண்டினால் ஹெட்ஃபோன் இல்லாமல் முடியாது.

கடையில் தொட்டுப்பார்க்கக் கிடைத்தால் லேப்டாப்பைத் திருப்பி, காற்று வெளியேறும் துளைகளைப் பாருங்கள். வலப்பக்கத்தில் இருந்தால் மௌஸ் பிடிக்கும் கைமேல் மணிக்கணக்காக அனல் அடிக்கும். பின்பக்கமாக வெளியேறுவது நல்லது. அடுத்து, ஒரு முனையை மட்டும் பிடித்துத் தூக்குங்கள், கீபோர்டின் நடுவை அழுத்துங்கள். நெளிந்தால் எனக்கு வேண்டாம்.

படி 8: வாங்கிய முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் உங்கள் பட்டியலில் உள்ள கனமான கேமை, சார்ஜரைச் செருகி, பெர்ஃபார்மன்ஸ் மோடில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஐந்தாவது நிமிடமும் முப்பதாவது நிமிடமும் எஃப்பிஎஸ்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து சதவீதம் இறங்கினால் இயல்பு. மூன்றில் ஒரு பங்கு இறங்கினால், லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு சென்டிமீட்டர் தூக்கி வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். காற்றை அடிப்பக்கத்திலிருந்து இழுக்கும் மெஷின்களுக்கு இந்தச் சின்ன இடைவெளியே மூச்சு விட்ட மாதிரி. மெத்தையிலும் போர்வையிலும் வைத்து ஒருநாளும் ஆடாதீர்கள்.

அப்படியும் சுட்டால் கேமின் அமைப்புகளில் ஃப்ரேமுக்கு வரம்பு போடுங்கள். கதை கேம்களுக்கு நான் 60 வைக்கிறேன். கார்டு தேவைக்கு மேல் ஓடாது, ஃபேன் அடங்கும், எண்ணும் கடைசி வரை ஒரே இடத்தில் நிற்கும். அந்தப் பழைய லேப்டாப்பை அதற்குப் பிறகு மூன்று வருடம் இப்படித்தான் வைத்து ஆடினேன். முப்பதாவது நிமிடத்திலும் 58-ஐ ஒட்டியே நின்றது, பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்டது.