திராட்சை சோடா பொங்கி வழியாமல், நுரை அடங்காமல் இருக்க

பழச்சாற்றில் சோடா ஊற்றியதும் பொங்கி வழிந்து, இரண்டே நிமிடத்தில் வெறும் தண்ணீராகிவிடும். சோடாவைக் குறை சொல்லிப் பயனில்லை. சாற்றிலுள்ள சக்கைத் துகளும் கரையாத சர்க்கரையும்தான் காரணம். அவற்றைப் பற்றிக்கொண்டு வாயு குமிழாகி வெளியேறிவிடுகிறது. எனக்குக் கைகொடுத்தது தெளிந்த பாகு.

கம்பம் பன்னீர் திராட்சை அரை கிலோ, தண்ணீர் 100 மி.லி. சிறு தீயில் 10 நிமிடம் வேகவிட்டு, கரண்டியால் லேசாக மசியுங்கள். மிக்ஸியில் அடித்தால் விதை உடைந்து கசக்கும். ஈர மல்துணியில் தானாக வடியட்டும். பிழிந்தால் சக்கையும் கூடவே இறங்கும். வடிந்த சாற்றில் 150 கிராம் சர்க்கரையைச் சூட்டிலேயே கரைத்து, ஆறியபின் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும்.

குளிர்ச்சிதான் முக்கியம். 4 டிகிரியில் தண்ணீர் பிடித்துவைக்கும் வாயு, 25 டிகிரியில் பிடிப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாகு, சோடா, டம்ளர் மூன்றுமே சில்லென்று இருக்கட்டும். ஐஸ் போடுவதானால் ஒருமுறை குளிர்நீரில் அலசிப் போடுங்கள், வாயு பற்றிக்கொள்ளும் சொரசொரப்பு போய்விடும்.

ஒரு பங்கு பாகு அடியில். மூன்று பங்கு சோடாவை டம்ளரைச் சாய்த்து ஓரமாக ஊற்றி, நீளக் கரண்டியால் ஒரே ஒரு முறை அடியிலிருந்து தூக்கிவிட்டால் போதும்.

சோடா மெஷின் இருந்தால் அதில் தண்ணீரை மட்டும் ஏற்றுங்கள். சாற்றை ஏற்றினால் பீய்ச்சியடிக்கும். ஈஸ்ட் போட்டு நுரைக்கவைக்கும் முறையில் கொஞ்சமாவது ஆல்கஹால் உண்டாகும். குழந்தைகளுக்கென்றால் அது வேண்டவே வேண்டாம்.