அப்பாவின் போனைப் பூட்டிய கதை: ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

“ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீங்கப்பா” என்று நூறு முறை சொல்லியிருப்பேன். அப்பா சொல்லவே இல்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும் போன மார்கழியில் அவர் கணக்கிலிருந்து 48,500 ரூபாய் போய்விட்டது.

குடியிருப்போர் சங்கத்து நண்பரின் எண்ணிலிருந்து “உங்கள் வண்டிக்கு அபராதம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்திருக்கிறது. ஹெல்மெட் போடாமல் பால் வாங்கப் போனது ஞாபகம் வந்து அப்பா உடனே அழுத்திவிட்டார். கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்திருந்தது. அப்படி முடிந்தால் அது ரசீது இல்லை, போனில் நிறுவப்படும் செயலி. எஸ்எம்எஸ் அனுமதி கேட்டது, கொடுத்தார். அபராதம் கட்ட டெபிட் கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் கேட்டது, அதையும் போட்டார். ‘சர்வர் பிஸி’ என்று வந்ததும் போனை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். போனுக்கு வரும் எஸ்எம்எஸ் எல்லாம் அப்படியே திருடனுக்குப் போய்க்கொண்டிருந்தால், ஓடிபியை அவன் எதற்குக் கேட்கப்போகிறான்?

(அந்த நண்பரின் போன் முதல் நாளே இதே வழியில் பறிபோயிருந்தது. பாவம், இன்றுவரை பார்ப்பவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அதனால் இந்தப் பதிவில் அறிவுரை கிடையாது. வீட்டுப் பெரியவர்களின் போனைக் கையில் வாங்கிச் செய்யவேண்டிய வேலை மட்டும்தான். எல்லாம் ஆண்ட்ராய்டுக்கு எழுதியது.

பணம் இப்போதுதான் போயிருக்கிறதா?

அப்படியானால் மற்றதை விட்டுவிட்டு இதை மட்டும் படியுங்கள். அந்த போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், வைஃபையையும் அணையுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு கார்டு, யுபிஐ, நெட் பேங்கிங் மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். எண்ணை கார்டின் பின்பக்கம் பார்த்துப் போடுங்கள். கூகுளில் தேடினால் போலி கஸ்டமர் கேர் எண் கிடைத்து, இருக்கிற பணமும் போகும். அடுத்து 1930, அதாவது சைபர் குற்ற உதவி எண்.

நான் சறுக்கியது இங்கேதான். 1930 லைன் கிடைக்கவே பதினைந்து நிமிடம் ஆனது. கிடைத்ததும் கேட்ட முதல் விஷயம் பரிவர்த்தனை எண். நான் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து, எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒன்றைப் படித்தேன். அது செயலி தன் கணக்குக்கு வைத்துக்கொள்ளும் எண்ணாம். அவர்களுக்கு வேண்டியது யுடிஆர், அதாவது வங்கிகள் தங்களுக்குள் பணத்தைத் தடம் பிடிக்கும் எண். யுபிஐயில் அது 12 இலக்கம், எழுத்தே இருக்காது. அப்பா போனில் வங்கி எஸ்எம்எஸ் ஒன்றும் இல்லை, அதையும் அந்தச் செயலி அழித்திருந்தது. கடைசியில் கிளைக்கு ஓடி பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்த பிறகுதான், ‘யுபிஐ’ என்று தொடங்கும் வரியின் நடுவே அந்த 12 இலக்கத்தைக் கண்டுபிடித்தேன். இதற்கே இரண்டு மணி நேரம் போய்விட்டது. திருடிய பணம் ஒரு கணக்கில் தங்காது, அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதை வழியில் எங்காவது நிறுத்திவைக்கத்தான் 1930.

எனவே அழைக்கும் முன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்த வங்கி, கணக்கு எண், போன தொகை ஒவ்வொன்றும் தனித்தனியாக, தேதி, நேரம், யுடிஆர். லைன் கிடைக்கவில்லையென்றால் காத்திருக்காமல் சைபர்கிரைம்.ஜிஓவி.இன் தளத்தில் அதே புகாரைப் பதியுங்கள். பதிந்ததும் வரும் ஒப்புகை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

வங்கியிடம் சீக்கிரம் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதும் இல்லை வங்கியுடையதும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டம் பூஜ்ஜியம். கார்டு விவரத்தை நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனதெல்லாம் உங்கள் தலையில். தெரிவித்த பிறகு போனால் வங்கியின் தலையில். அப்பாவுடையது இரண்டாவது வகை என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். எனக்கும் வாதாட வாயில்லை. 48,500-ல் 19,000 மட்டும் வழியில் ஒரு கணக்கில் நிறுத்தப்பட்டு, நீதிமன்ற உத்தரவுக்குப் பின் திரும்பி வந்தது.

இனி போனைப் பூட்டுவோம்.

படி 1: கணக்கைப் பிரித்து வையுங்கள்

தொழில்நுட்பமே இல்லாத இந்தப் படிதான் என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. பென்ஷன் விழும் கணக்கில் யுபிஐயும் வேண்டாம், டெபிட் கார்டும் வேண்டாம். வேறு வங்கியில் சின்னக் கணக்கு ஒன்று, அதில் மாதச் செலவுக்கு ஐந்தாயிரமோ பத்தாயிரமோ, யுபிஐ அதில் மட்டும். “எதுக்குப்பா ரெண்டு பாஸ்புக்கு?” என்று அப்பா ஒரு வாரம் முனகினார். இப்போது பழகிவிட்டது.

படி 2: வெளிச் செயலிகளுக்குக் கதவடைப்பு

செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘அன்னோன் ஆப்ஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ், டெலிகிராம் என ஒரு பட்டியல் வரும். எல்லாவற்றிலும் செயலி நிறுவும் அனுமதியை அணையுங்கள். பிளே ஸ்டோரில் மேலே இருக்கும் புரொஃபைல் படத்தை அழுத்தி, செயலிகளைச் சோதிக்கும் பிளே புரொடெக்ட் ஓடுகிறதா என்றும் பாருங்கள். புதிய சாம்சங் போன்களில் ‘ஆட்டோ பிளாக்கர்’ என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டாலே இந்த வேலை முடிந்துவிடும். காசு கொடுத்து ஆன்ட்டிவைரஸ் வாங்காதீர்கள். போனிலேயே இருக்கும் பூட்டைப் போடாமல் கடையில் பூட்டு வாங்குவானேன்?

படி 3: ஏற்கெனவே உள்ளே இருப்பதை வெளியேற்றுதல்

டவுன்லோட்ஸில் இருந்த அந்தக் கோப்பை நான் முதலில் அழித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். மடத்தனம். விதைத்த பிறகு விதைப் பாக்கெட்டைத் தூக்கிப்போட்டால் செடி போய்விடுமா? செயலி உள்ளேயே இருந்தது, முகப்பில் அதற்கு ஐகான்கூட இல்லை.

பெயரை வைத்துத் தேடாதீர்கள், அனுமதியை வைத்துத் தேடுங்கள். செட்டிங்ஸில் ‘பர்மிஷன் மேனேஜர்’ போய் எஸ்எம்எஸ்ஸைத் திறங்கள். மெசேஜ், வங்கிச் செயலி, யுபிஐ செயலி தவிர அங்கே யார் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அப்படியே ‘அக்சஸிபிலிட்டி’ பக்கத்தையும் பாருங்கள். திரையில் நடப்பதை ஒரு செயலி படிக்கவும் தானே அழுத்தவும் அனுமதி தருவது அங்கேதான். அப்பா போனில் ‘கூகுள் சர்வீஸ்’ போல வேஷம் போட்டுக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. அன்இன்ஸ்டால் பொத்தானோ மங்கிக் கிடந்தது. அது ‘டிவைஸ் அட்மின்’ உரிமை வாங்கியிருந்ததுதான் காரணம். தேடல் பெட்டியில் ‘டிவைஸ் அட்மின்’ என்று தட்டி, அங்கே அதை அணைத்த பிறகுதான் போனது.

அதன் பிறகும் எனக்கு மனசு ஒப்பவில்லை. படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் போல ஆக்கும் வேலையைச் செய்துவிட்டேன். ஒருமுறை மாட்டிய போனுக்கு அதுதான் சரி. பாஸ்வேர்டு, யுபிஐ பின் எல்லாவற்றையும் அதற்குப் பிறகு மாற்றுங்கள். முன்பே மாற்றினால் புதியதும் அவன் கைக்குப் போகும்.

படி 4: கால் ஃபார்வர்டிங்

*#21# போட்டு அழையுங்கள். உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருந்தால் தெரியும். இருந்தால் ##002# போட்டு எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள். இரண்டு சிம் இருந்தால் இரண்டிலும் பாருங்கள். ஓடிபி குரல் அழைப்பாகவும் வரும் என்பதால்தான் இந்த வேலை.

படி 5: மிச்சம்

வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணையுங்கள், ஆன்லைன் பயன்பாட்டையும் தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம். 2020 அக்டோபரிலிருந்து எல்லா வங்கிகளும் இந்த வசதியைத் தரவேண்டும். யுபிஐ தினசரி வரம்பைக் குறையுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பெற்றோர் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். வங்கித் தளங்களின் முகவரி ‘.பேங்க்.இன்’ என்று முடியவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31-ஐக் கெடுவாக வைத்திருந்தது. புக்மார்க்கை அதற்கேற்ப மாற்றிவிடுங்கள். எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக் பூட்டு இருக்கிறது, அதையும் போட்டால் கைரேகையை நகலெடுத்துப் பணம் எடுக்கும் மோசடி நடக்காது.

அப்பா போனின் உறைக்குப் பின்னால் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். ‘பணம் வாங்க யுபிஐ பின் வேண்டாம். போலீஸ் வீடியோ காலில் கைது செய்யாது. 1930.’ அவ்வளவுதான்.

பின்சேர்க்கை 1: *#21# போட்டால் ‘தவறான எம்எம்ஐ குறியீடு’ என்று வருவதாகப் பலர் எழுதியிருக்கிறீர்கள். குறியீடு மூலம் அழைப்பைத் திருப்பிவிடும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டிருந்தது. உங்களுக்கு வேலை செய்யாவிட்டால் டயலரின் செட்டிங்ஸில் ‘கால் ஃபார்வர்டிங்’ பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அங்கே ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்பதற்கு நேரே தெரியாத எண் இருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது உங்கள் சிம் நிறுவனத்தின் மிஸ்டு கால் சேவை எண்ணாக இருக்கும். அவர்களிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: பயோமெட்ரிக் பூட்டைப் போட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போய், கைரேகை ஏறாமல் வரிசையில் திட்டு வாங்கியதாக ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அம்மா, தப்பு என்னுடையது, சொல்லியிருக்கவேண்டும். கடைக்குப் போனதும் எம்ஆதாரில் ‘தற்காலிகத் திறப்பு’ அழுத்துங்கள். சில நிமிடங்களில் தானே பூட்டிக்கொள்ளும் என்பதால் உங்கள் முறை நெருங்கும்போது அழுத்தினால் போதும். பென்ஷன்காரர்களுக்கு உயிர்வாழ்வுச் சான்று நேரத்திலும் இதேதான்.