முதல் கேம்பெய்னுக்கு எந்த உலகம்? முதலில் ஓர் ஊரைப் பிடியுங்கள்

பகடையும் பேச்சுமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆடலாம் என்று நாலைந்து பேர் சேர்ந்துவிட்டீர்கள், கதையை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) பொறுப்பு உங்கள் தலையில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு கேரக்டர்தான், டிஎம்முக்கோ சத்திரக்காரர், கொள்ளைக்காரன், காடு, மழை என்று மீதி அத்தனையும். அந்தப் பயத்தில் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் காரியம், முதல் கேம்பெய்னுக்கு, அதாவது வாரக்கணக்கில் தொடரும் கதைக்கு, எந்த உலகம் நல்ல உலகம் என்று இணையத்தில் உட்கார்ந்து தேடுவது. கடவுள்களின் பட்டியல், அரச வம்சங்கள், நாலு யுகத்துப் போர்கள் எல்லாவற்றையும் படித்து முடிப்பதற்குள் சேர்ந்த கூட்டம் கலைந்துவிடும். என்னைக் கேட்டால் உலகத்தைத் தேடுவதை விட்டுவிட்டு ஓர் ஊரைத் தேடுங்கள். நல்ல ஊர் எந்த உலகத்தில் கிடைக்கிறதோ, அதிலேயே ஆடுங்கள்.

பட்டுத்தான் சொல்கிறேன். முதல் தடவை நான் சொந்தமாக ஒரு உலகம் எழுதினேன். 3 பேரரசுகள், 800 வருட வரலாறு, மொத்தம் 14 பக்கம். முதல் நாள் ராத்திரி எங்கள் ஆட்கள் ஒரு சத்திரத்துக்குள் நுழைந்து, இந்தச் சத்திரக்காரர் பேர் என்ன, சாப்பிட என்ன இருக்கு, அந்த மூலையில் தனியாக உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்டார்கள். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அந்த 800 வருடத்தைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரத்தோடு கேம்பெய்ன் படுத்துவிட்டது.

இந்த ஆட்டம் பிறந்த விதத்தைப் பார்த்தாலும் ஊர்தான் முன்னால் நிற்கிறது. 1974இல் டி அண்ட் டி விற்பனைக்கு வருவதற்கு முன்பே அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் தன் வட்டத்தோடு ஆடிக்கொண்டிருந்தபோது அவரிடம் இருந்தது கிரேஹாக் என்ற பாழடைந்த கோட்டையும், அதன் அடியில் அடுக்கடுக்காக இறங்கும் பாதாள அறைகளும்தான். பிறகு அதன் பக்கத்தில் ஒரு நகரம் முளைத்தது, நகரத்தைச் சுற்றி நிலம் விரிந்தது, வரைபடத்தோடு ஒரு முழு உலகமாக அது அச்சில் வந்தது 1980இல். அதற்கு முந்தின வருடமே ஹாம்லெட் என்ற ஒரே ஒரு கிராமத்தை வைத்து (நாடகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) அவர் எடுத்து ஆடத் தயாரான ஒரு சாகசக் கதை வெளியிட்டுவிட்டார். இன்றைக்கும் ஆட்கள் அதை எடுத்து ஆடுகிறார்கள்.

கணக்காகவும் பார்க்கலாம். ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி சாதாரண வேகத்தில் நடந்தால் ஒரு நாளைக்கு 24 மைல், அதாவது கிட்டத்தட்ட 39 கிலோமீட்டர். புதுக் கூட்டம் ஒரு மாலையில் 3 மணி நேரம் ஆடினால் ஒரு சண்டை, ஒரு பேரம், கதவை உடைப்பதா தட்டுவதா என்று அரை மணி நேர வாக்குவாதம், அவ்வளவுதான் நடக்கும். ஆக முதல் ஒன்றிரண்டு மாதத்துக்கு உங்களுக்குத் தேவைப்படும் நிலம், ஊரிலிருந்து ஒரு நாள் நடைக்குள் அடங்கிவிடும். அதற்கு வெளியே கடல் இருக்கிறதா பாலைவனம் இருக்கிறதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நல்ல ஊர் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் ஃபாண்டலின். (இதை டிஎம்மாக இல்லாமல் ஆட்டக்காரராக ஆடப்போகிறவர் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.) 2014இல் வந்த ஸ்டார்ட்டர் செட் பெட்டிக்குள் இருக்கும் 64 பக்கப் புத்தகம் இந்த ஊரைச் சுற்றித்தான் நடக்கிறது. ஃபெய்ரூன் கண்டத்தின் வடமேற்குக் கடலோரப் பக்கம், மலையடிவாரத்தில், நாற்பது ஐம்பது மரவீடுகள். கதை தொடங்குவது எதில் தெரியுமா? நெவர்விண்டர் நகரத்திலிருந்து ஒரு வண்டிச் சரக்கை ஃபாண்டலினில் பார்த்தென் என்பவர் கடையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், தலைக்கு 10 பொற்காசு கூலி. வழியில் 2 குதிரைகள் செத்துக் கிடக்கின்றன, புதருக்குள் கோப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் 4 காத்திருக்கின்றன. தப்பிப் பிழைத்து ஊருக்குள் போனால் ஒரு சத்திரம், சில கடைகள், ஒரு பழத்தோட்டம், ஒரு சின்னக் கோயில், ஊரையே மிரட்டி வைத்திருக்கும் ரெட்பிராண்ட்ஸ் என்ற ரவுடிக் கூட்டம். உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு எதுவும் முதல் நாளே யார் தலையிலும் ஏறுவதில்லை. சரக்கைச் சேர்த்தோமா, கூலியை வாங்கினோமா, சத்திரத்தில் வம்பிழுப்பவனை என்ன செய்யலாம் என்ற அளவில்தான் எல்லாம் ஓடுகிறது, ஆனால் அந்தச் சின்ன விஷயங்களுக்குள்ளேயே ஐந்தாம் லெவல் வரைக்கும் கதை இருக்கிறது.

ஒரு ஊரை எடைபோடும்போது நான் பார்ப்பதும் இதைத்தான். அங்கே யாருக்கு என்ன பிரச்சினை, அதில் நம் ஆட்கள் தலையிட அவர்களுக்கு என்ன காரணம், நாளைக் காலை எழுந்து நடந்தால் எந்தப் பக்கம் போவார்கள். மூன்றுக்கும் புத்தகம் முதல் பத்துப் பக்கத்துக்குள் பதில் சொன்னால் வாங்கலாம். கடவுள்களின் வம்சாவளியோடு ஆரம்பித்தால் அலமாரியிலேயே இருக்கட்டும்.

சரி, ஃபெய்ரூன் இருப்பது ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற உலகத்தில், அதில் ஒரு சிக்கல் உண்டு. எட் கிரீன்வுட் சின்னப் பையனாக இருந்தபோதே, டி அண்ட் டி வருவதற்கும் முன்னால், கற்பனை செய்யத் தொடங்கிய உலகம் அது. 1987இல் விளையாட்டுப் பெட்டியாக வந்ததிலிருந்து நாவல்களும் கணினி விளையாட்டுகளும் குவிந்து, 2023இல் பால்டர்ஸ் கேட் 3 வந்தபிறகு பகடையையே தொட்டிராதவர்களுக்கும் அந்த ஊர்ப் பெயர்கள் பழக்கமாகிவிட்டன. உங்கள் மேசையில் அப்படி ஒருத்தர் இருந்தால், நீங்கள் ஒரு பிரபுவைப் பற்றிச் சொன்ன உடனே "அந்த வருஷம் அவர் உயிரோடவே இல்லையே" என்பார். முதல் நாளே சொல்லிவிடுங்கள், இந்த மேசையில் சொல்லப்பட்டதுதான் நிஜம், புத்தகத்தில் இருப்பது ஊர் வதந்தி என்று. அவரைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம், அவருடைய கேரக்டரை நிறையப் படித்த ஆளாக்கி, சந்தேகம் வந்தால் அவரையே கேளுங்கள், பாதி வேலை குறையும்.

பெயர்கள் இன்னொரு தொல்லை. ஃபாண்டலின் கதையில் கண்ட்ரென் ராக்சீக்கர் என்று ஒரு ட்வார்ஃப் (குள்ளர் இனத்தவர்) வருகிறார், எங்கள் மேசையில் இரண்டாவது வாரத்திலேயே அவர் பாறைசாமி ஆகிவிட்டார். நான் தடுக்கவில்லை. ஆட்டத்தைத் தமிழிலும் தங்கிலீஷிலும் கலந்துதான் நடத்தப்போகிறீர்கள், வாய்க்குள் நுழையாத பேரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள், பேர் மறந்த ஆளை யாரும் காப்பாற்றவும் போகமாட்டார்கள்.

இதே மாதிரி இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டர் ஆடுவதென்றால் உலகம் கோலாரியன். அங்கே நாட்டுக்கு நாடு வேறு சுவை, உஸ்டலாவ் போனால் பேய்க்கதை, நுமேரியா போனால் வானத்திலிருந்து விழுந்த விண்கப்பலின் சிதைவுகளும் ரோபோக்களும். இதையெல்லாம் பார்த்து வாய்பிளந்து நிற்காமல் 2020இல் வந்த பிகினர் பாக்ஸை எடுங்கள், அது ஒட்டாரி என்ற சின்னத் துறைமுக ஊரிலேயே நிற்கிறது. தொடக்கம் ஒரு மீன் கிடங்கு, நிலவறையில் வைத்த மீனை எதுவோ தின்றுகொண்டிருக்கிறது, போய் என்னவென்று பாருங்கள், அவ்வளவுதான். பாத்ஃபைண்டர் விதிகள் முழுவதையும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நீதிஸ் தளத்தில் முறைப்படியே இலவசமாகப் படிக்கலாம், கையில் காசு குறைவு என்றால் இது பெரிய விஷயம். டி அண்ட் டி பக்கமும் அடிப்படை விதிகளின் தொகுப்பு ஒன்று 2023இலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற இலவச உரிமத்தில் கிடைக்கிறது.

எபெரான் எனக்கு மிகவும் பிடித்த உலகம், ஆனாலும் முதல் கேம்பெய்னுக்குக் கொஞ்சம் தயங்கியே சொல்வேன். அது வந்த கதை சுவாரசியமானது. 2002இல் டி அண்ட் டியை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் புது உலகம் கேட்டுப் போட்டி வைத்தபோது 11,000 பேர் அளவுக்கு எழுதி அனுப்பினார்கள், முதல் சுற்றில் ஆளுக்கு ஒரே ஒரு பக்கம்தான். அதில் ஜெயித்த கீத் பேக்கரின் உலகம் 2004இல் புத்தகமாக வந்தது. நூறு வருடப் போர் முடிந்து இரண்டே வருடம், மின்னலால் ஓடும் ரயில், வானத்தைத் தொடும் கோபுரங்களுக்குள் ஒரு நகரம், போருக்காகவே செய்யப்பட்டு இப்போது வேலையில்லாமல் நிற்கும் வார்ஃபோர்ஜ்டு என்ற உயிருள்ள யந்திர மனிதர்கள். கேட்டவுடனே ஆடத் தோன்றுகிறதல்லவா? தயக்கம் என்னவென்றால், அங்கே ஒவ்வொரு ஆளுக்கும் போரில் எந்தப் பக்கம் நின்றாய் என்ற கேள்வி இருக்கிறது, அதற்குப் பதில் சொல்ல ஐந்து நாடுகளின் அரசியல் கொஞ்சம் தெரியவேண்டும். துப்பறியும் கதை பிடித்த கூட்டம் என்றால் தாராளமாகப் போங்கள். அந்த ஒரு பக்கக் கணக்கை மட்டும் எந்த உலகத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்: டீ ஆறுவதற்குள் நண்பருக்குச் சொல்லி முடிக்க முடியாத உலகம் முதல் ஆட்டத்துக்கு ஆகாது.

ஒரே சுவையில் ஊறிய உலகங்களில் இன்னும் ஜாக்கிரதை. பரோவியா, அதாவது ரேவன்லாஃப்ட், 1983இலிருந்து பேர்போனது, 2016இல் பெரிய கேம்பெய்னாகத் திரும்பி வந்தது. மூடுபனி சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு, உள்ளே வந்தால் வெளியே போக முடியாது, மலைமேல் கோட்டையில் ரத்தக்காட்டேரிப் பிரபு. எல்லை சின்னது என்பதால் டிஎம்முக்கு வசதிதான், ஆனால் மாதக்கணக்கில் இருட்டும் துக்கமும்தான். அதன் தொடக்கத்தில் வரும் வீட்டிலேயே முதல் லெவல் ஆட்கள் சுலபமாகச் செத்துப்போவார்கள். 1991இல் வந்த டார்க் சன் இன்னும் கடுமை: வெந்த பாலைவனம், இரும்பு கிடைப்பதே அரிது, கவனமில்லாமல் மந்திரம் போட்டால் சுற்றியிருக்கும் செடிகொடி சாம்பலாகும், கேரக்டர்களை மூன்றாம் லெவலில் தொடங்கச் சொன்னது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வளையத்துக்குள் கட்டிய சிகில் நகரம் இருக்கும் பிளேன்ஸ்கேப் உலகம், இதெல்லாம் அப்புறம்.

உலகத்தின் பெயரைவிட ஆட்டத்தை உண்மையில் மாற்றுவது சாவும் கடவுளும்தான். ரிவிவிஃபை என்ற மந்திரம் செத்து ஒரு நிமிடத்துக்குள் ஆளை எழுப்பிவிடும், ஆனால் அதற்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும். அந்த வைரம் உங்கள் ஊரில் விற்கிறதா? பெரிய நகரம் என்றால் பணம் இருப்பவனுக்குச் சாவு ஒரு செலவுக் கணக்கு, நாற்பது வீட்டு ஊரில் சாவு சாவுதான். அதேபோல யாராவது கிளெரிக், அதாவது கடவுளின் அருளால் மந்திரம் போடும் பூசாரி, எடுத்தால் முதல் கேள்வி எந்தக் கடவுள் என்பது. ஃபெய்ரூனில் கடவுள்கள் மலைபோலக் குவிந்திருக்கிறார்கள், நான் ஆறு பேரை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன். டார்க் சன்னில் கடவுளே கிடையாது, கிளெரிக்குகள் நெருப்பு, தண்ணீர் மாதிரியான இயற்கைச் சக்திகளைத்தான் வணங்கவேண்டும், அதைக் கேரக்டர் எழுதி முடித்தபிறகு சொன்னால் சண்டை வரும், நியாயமான சண்டை.

சொந்தமாகத்தான் எழுதுவேன் என்று நின்றால் எழுதுங்கள், நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். ஆனால் ஒரு தாளுக்கு மேல் வேண்டாம். ஊர் ஒன்று, பேரோடு ஏழெட்டுப் பேர், ஒவ்வொருத்தரும் யாருக்குப் பயப்படுகிறார்கள் அல்லது யாருக்குக் கடன் என்று ஒரு வரி, அரை நாள் நடையில் யாரும் போக விரும்பாத இடம் ஒன்று. கடைசியாக, ஊரில் அடிபடும் பேச்சு மூன்று, அதில் ஒன்று சுத்தப் பொய். மீதியை ஆட்டக்காரர்களிடமே கேளுங்கள்: நீ ட்வார்ஃப், உன் ஆட்கள் ஏன் இந்த ஊரை விட்டுப் போனார்கள்? அவர் அங்கேயே ஒன்றைச் சொல்வார், என் 14 பக்கத்தில் இல்லாத அளவுக்கு நன்றாக இருக்கும். எல்லா உலகமும் ஐரோப்பிய வாடையாகவே இருக்கிறதே என்று தோன்றினால் 2022இல் வந்த ரேடியண்ட் சிட்டடல் சாகசத் தொகுப்பைப் பாருங்கள், அதில் மிமி மொண்டல் எழுதிய சங்கபூமி வங்காள நதிநாட்டின் சாயலில் உருவானது. பழக்கமான நிலத்தை எப்படி அப்படியே காப்பியடிக்காமல் எடுத்தாள்வது என்பதற்கு நல்ல பாடம்.

முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு மாலை எல்லோரும் சும்மா உட்கார்ந்து பேசிவிடுங்கள், செஷன் ஜீரோ என்பார்கள். சிரிப்பா பயமா, சண்டை அதிகமா பேச்சு அதிகமா, எந்த விஷயம் மேசைக்கே வரக்கூடாது. குழந்தைகளுக்குக் கெடுதல் நடப்பதைக் கேட்க முடியாது என்று எங்கள் கூட்டத்தில் ஒருத்தர் சொன்னார். அப்படிப்பட்ட காட்சிகள் உள்ள பரோவியா அன்றைக்கே பட்டியலிலிருந்து போனது, அதற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை.

அப்புறம், எடுத்த உலகத்தோடு ஆயுளுக்கும் இருந்தாக வேண்டியதில்லை. உலகத்துக்கு உலகம் தாவுவதற்குக் கப்பல், கதவு என்று டி அண்ட் டி வழி வைத்தேயிருக்கிறது. எங்கள் கூட்டம் ஃபாண்டலினை முடித்துவிட்டு ஒரு வாசல் வழியாக எபெரானுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. கோபுர நகரத்தில் இப்போது நல்ல சம்பாத்தியம், ஆனால் எங்கள் ட்வார்ஃப் மட்டும் சத்திரத்துக்குச் சத்திரம் புலம்பிக்கொண்டிருக்கிறார், பார்த்தென் அந்த 10 பொற்காசைத் தரவேயில்லை என்று. வண்டியை கோப்ளின்களைத் துரத்திய அவசரத்தில் ரோட்டோரமே விட்டுவிட்டு வந்தது அவர்தான்.