பிட்சரின் வெற்றிக் கணக்கைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் கோடைக்கால பேஸ்பால் ஆட்டம், சிங்கப்பூரில் நாம் பசியாறும் காலை ஏழு மணிக்கு நேரலையாக வருகிறது. கிரிக்கெட்டில் பழகிய கண்ணுக்கு, பந்து வீசுபவரான பிட்சரின் பெயரருகே உள்ள வெற்றி தோல்வி எண்களே அவருடைய திறமையின் அளவாகத் தோன்றலாம். அந்த முடிவுக்கு விரைந்து வர வேண்டாம்.

முதலில் விதியை அறிந்துகொள்ளுங்கள். வெற்றி தம் பெயரில் பதிவாக, ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் வழக்கமாகக் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் (இரு அணிகளும் ஒருமுறை மட்டையடிக்கும் சுற்று; ஓர் ஆட்டத்தில் வழக்கமாக ஒன்பது) வீச வேண்டும். அவர் விலகும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும். அடுத்து வீச வருவோர் அந்த முன்னிலையை இழக்காமல் காக்க வேண்டும். இவற்றுள் பின்னிரண்டும் பெருமளவு சக வீரர்களின் கையில் உள்ளவை.

அடுத்து, களப்பிழைகளால் வந்தவற்றை நீக்கி, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரியைப் பாருங்கள். 1987இல் நோலன் ரயன் 2.76 என்ற சராசரியுடன், அமெரிக்காவின் இரு முதன்மை லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் முதலிடம் பெற்றும், அவர் கணக்கில் 8 வெற்றிகளும் 16 தோல்விகளுமே சேர்ந்தன. இதை அநியாயம் என்றே சொல்வேன். 2018இல் ஜேக்கப் டிகிராம் 1.70 சராசரியுடன் 10 வெற்றி, 9 தோல்வி என்றே முடித்தார். ஆயினும் வாக்களித்தோர், லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை அவருக்கே அளித்தனர்.

அந்தச் சராசரியிலும் களத்தடுப்பாளர்களின் பங்கு கலந்திருப்பதால், அவர்களைப் பெரிதும் சாராத ஸ்ட்ரைக் அவுட் (அடிப்பவரைப் பந்துவீச்சாலேயே ஆட்டமிழக்கச் செய்வது), வாக் (நான்கு தவறான பந்துகளால் அடிப்பவர் முதல் தளத்துக்குச் செல்வது), ஹோம் ரன் (அடிப்பவர் எல்லாத் தளங்களையும் சுற்றி வர உதவும் அடி) ஆகிய மூன்றையும் தனியே குறித்து, ஒரே பருவத்தோடு நிறுத்தாமல் பல பருவங்களை ஒப்பிடுங்கள்.