பழைய பிரிட்டிஷ் ராணுவ பைக்: பெயின்டைச் சுரண்டும் முன் கவனிக்க வேண்டியவை

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளுக்காகத் தயாரான மோட்டார் சைக்கிள்களில் பி.எஸ்.ஏ. எம்20 மட்டுமே ஏறக்குறைய 1,26,000. அதோடு நார்ட்டன் 16எச், மேட்ச்லெஸ் ஜி3/எல், ஏரியல் டபிள்யூ/என்ஜி, ராயல் என்ஃபீல்டு டபிள்யூடி/சிஓ, டிரையம்ஃப் 3எச்டபிள்யூ என்று லட்சக்கணக்கான வண்டிகள் போருக்குப் போயின. இவ்வளவு செய்ததால்தான் 80 வருஷம் கழிந்தும் வண்டி கிடைக்கிறது, உதிரி பாகமும் கிடைக்கிறது. பழைய வண்டி ஆசை வந்தவர்கள் பலர் முதலில் வாங்குவதும் இவற்றைத்தான்.

வாங்கிய வேகத்தில் வண்டியை அக்கக்காகப் பிரித்து, சட்டத்தையும் (ஃபிரேம்) டேங்க்கையும், மணலைப் பீய்ச்சிப் பெயின்டை உரிக்கும் சாண்ட் பிளாஸ்டிங்குக்கு அனுப்பிவிடுவதுதான் முதல் தவறு. எல்லாவற்றிலும் பெரிய தவறும் அதுதான் என்பேன். போல்ட் தப்பாகப் போட்டால் மாற்றிக்கொள்ளலாம். அந்த வண்டி எந்த வருஷம் எந்த நிறத்தில் ஓடியது, அதன் ராணுவ எண் என்ன என்பதற்கான சாட்சியம் பெயின்டில்தான் இருக்கிறது. அது பட்டறைத் தரையில் மணலோடு கலந்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

ஒரு டேங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே, போருக்குப் பிறகு ஏலத்தில் எடுத்தவர் அடித்த கறுப்போ மெரூனோ இருக்கும். 1950-களிலும் ராணுவத்திலேயே இருந்த வண்டி என்றால், அதற்குக் கீழே பளபளப்பான டீப் புரோன்ஸ் கிரீன் என்கிற கரும்பச்சை. அதற்கும் கீழே, 1944 ஏப்ரல் முதல் வந்த எஸ்.சி.சி. 15 என்கிற ஆலிவ் நிறம். அடுத்து 1942 வாக்கில் வந்த எஸ்.சி.சி. 2 என்கிற மண் பழுப்பு. போரின் ஆரம்ப வருஷத்து வண்டியாக இருந்தால், எல்லாவற்றுக்கும் அடியில் காக்கி கிரீன் 3. எல்லா வண்டியிலும் இத்தனை அடுக்கும் இருக்காது. ஆனால் எந்த அடுக்கு இருக்கிறது, எது இல்லை என்பதே ஒரு தகவல்.

1000-ம் நம்பர் வாட்டர் பேப்பர், சோப்புத் தண்ணீர், பொறுமை, இந்த மூன்றும் போதும். டேங்க்கின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு மெதுவாக வட்டமாகத் தேயுங்கள். ஒவ்வொரு நிறமும் ஒரு வளையமாக வெளிவரும். பழுப்பு தெரியத் தொடங்கும் இடத்தில் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். மங்கலான வெள்ளைக் கோடு ஒன்று தென்படும். அது வளைந்து 'சி' என்ற ஆங்கில எழுத்தாகும். பக்கத்தில் ஒவ்வொரு இலக்கமாக மேலே வரும். பிரிட்டிஷ் ராணுவம் மோட்டார் சைக்கிள்களுக்குக் கொடுத்த எண் அந்த எழுத்தில்தான் தொடங்கும். பெரும்பாலும் ஏழு இலக்கம். 80 வருஷத்துக்கு முன் யாரோ எழுதியது அது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் சாண்ட் பிளாஸ்டிங் பேச்சை அப்புறம் எடுக்க மாட்டார்கள்.

சீட்டுக்கு அடியிலும், டூல் பாக்ஸ் மூடியின் உட்புறத்திலும், டேங்க்கின் அடிப்பக்கத்திலும் வெயில் படாத பழைய நிறம் தங்கியிருக்கும். கலர் மேட்ச் செய்ய அதைத்தான் எடுக்க வேண்டும். இன்னொரு விஷயம். இந்தப் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், தண்ணீர் போட்டே தேயுங்கள். பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் டிரம்முக்குள் கம்ப்ரஸர் காற்று அடிப்பதும் கூடாது.

ராணுவ வண்டி என்றால் பச்சைதான் என்று நினைப்பதும் இதோடு சேர்ந்த தவறு. 1943-ல் செய்த எம்20-க்கு மண் பழுப்புதான் சரியான நிறம். விமானப்படை வண்டி என்றால் நீலச் சாம்பல். எல்லாமே மங்கலாக, வெளிச்சம் பட்டால் மின்னாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அடித்தவை. அதன் மேல் கிளாஸ் லேக்கர் அடித்து மெருகேற்றினால் வண்டியின் இயல்பே மாறிவிடுகிறது. குரோம் பூச்சும் அப்படித்தான். சின்னச் சின்ன பாகங்களுக்கு காட்மியம் பூச்சு கொடுத்தார்கள், மீதி எல்லாம் பெயின்ட்தான். பவுடர் கோட்டிங் வேண்டவே வேண்டாம். தடிமனான அந்தப் பூச்சு சட்டத்தில் பஞ்ச் செய்த எண்களை மூடிவிடும். போல்ட் இறுகும் இடத்தில் அது நசுங்கினால் நட்டும் தளரும்.

காணாமல் போனது மாதிரி தெரியும் சில பாகங்கள் உண்மையில் காணாமல் போனவை அல்ல. 1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பான் கைக்குப் போனது. அதோடு அங்கிருந்து பிரிட்டனுக்கு வந்துகொண்டிருந்த ரப்பரும் நின்றது. அதற்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹேண்டில் கிரிப்புக்குக் கான்வாஸ் சுற்றினார்கள். ஃபுட்ரெஸ்ட் வெறும் இரும்பாக வந்தது. டேங்க் பக்கத்து முட்டி ரப்பரும் இல்லாமல் போனது. இதைத் தெரியாமல் புது ரப்பர் செட் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அந்த மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோரை ஜப்பானியர்கள் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள், பலர் திரும்பவில்லை. ரப்பர் இல்லாத அந்த இரும்பு ஃபுட்ரெஸ்ட்டை நாமாவது அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, எண்கள் விஷயத்துக்கு வருவோம். இன்ஜின் நம்பரும் சட்டத்தின் நம்பரும் ஒன்றாக இருந்தால்தான் அசல் என்று பலர் நம்புகிறார்கள். போர்க்கால பி.எஸ்.ஏ. எம்20-ல் இரண்டும் தொழிற்சாலையிலிருந்தே வெவ்வேறு. நார்ட்டனில் ஒன்றாக வந்தவைகூட ராணுவப் பட்டறைகளில் மாறிப்போயின. இன்ஜினைக் கழற்றிப் பழுதுபார்த்து, அடுத்து எந்தச் சட்டம் காலியாக நிற்கிறதோ அதில் மாட்டி அனுப்புவதுதான் அவர்கள் வழக்கம். ஆகவே எண் மாறியிருப்பது அந்த வண்டி உண்மையாகவே உழைத்தது என்பதற்கு அடையாளமாகவும் இருக்கலாம். பழைய எண்ணைக் கிரைண்டர் வைத்து அழித்துப் புது எண் பஞ்ச் செய்வதை நான் மன்னிக்கவே மாட்டேன். அது சட்டப்படியும் தப்பு. இந்தியாவில் 50 வருஷம் கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. சேசிஸிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது அதில் முக்கிய நிபந்தனை. எண்ணைத் தொட்டுவிட்டு அங்கே போய் நிற்க முடியாது.

வாங்கும்போதே ஏமாறுகிறவர்களும் உண்டு. போருக்குப் பின் பொதுமக்களுக்கு விற்ற மேட்ச்லெஸுக்கோ, 591 சிசி பி.எஸ்.ஏ. எம்21-க்கோ காக்கி அடித்து ராணுவ வண்டி என்று விற்பார்கள். பாராசூட்டில் போட்ட குட்டி வண்டியான வெல்பைக்கில் இருந்தது 98 சிசி வில்லியர்ஸ் இன்ஜின். போருக்குப் பிறகு வந்த கோர்கி பார்வைக்கு அதன் சாயலில் இருந்தாலும் அதன் இன்ஜின் எக்செல்சியர் ஸ்பிரைட். பணம் கொடுக்கும் முன் இரண்டு எண்களையும் போட்டோ எடுத்து, அந்தந்த கம்பெனி வண்டிக்கான சங்கத்தில் கேளுங்கள். இங்கிலாந்தில் 1946-லிருந்து இயங்கும் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் நூலகத்தில் பழைய கம்பெனிப் பதிவேடுகள் இருக்கின்றன.

அடுத்தது பட்டறையில் நடக்கும் தவறுகள். முதலில் மரை. "அண்ணே, மரை போயிடுச்சு, எட்டு எம்.எம். போட்டுடலாமா?" என்று லேத்துக்காரத் தம்பி கேட்பார். உதவி செய்யத்தான் கேட்கிறார், ஆனால் சம்மதிக்காதீர்கள். இந்த வண்டிகளில் ஒரே அளவு போல்ட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மரை முறைகள் இருக்கின்றன. 5/16 அங்குல போல்ட்டில் பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் ஃபைன்) முறை என்றால் அங்குலத்துக்கு 22 மரை, சைக்கிள் மரை என்றால் 26. கால் அங்குலத்தில் இரண்டுக்குமே 26-தான். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, இன்னொன்றில் 60. அதனால் தப்பான நட்டும் நன்றாகச் சுற்றிக்கொண்டு ஏறும், இறுகின மாதிரியும் இருக்கும், ஓடும்போது கழன்றுவிடும். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். 8 எம்.எம். நட்டு இரண்டு சுற்று ஏறிவிட்டுப் பிடித்துக்கொள்வது அதனால்தான். அந்த இடத்தில் ஸ்பானரை அழுத்தினால் அலுமினிய கேஸின் மரை உரிந்து கையோடு வந்துவிடும். ஒரு மரை அளவுகோலும், பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் ஸ்பானர் ஒரு செட்டும் வாங்கிய பிறகு வண்டியைப் பிரியுங்கள். விட்வொர்த் ஸ்பானரில் போட்டிருக்கும் எண் நட்டின் அகலம் அல்ல, போல்ட்டின் விட்டம். முதல் தடவை கையில் எடுப்பவர்கள் குழம்புவது இங்கேதான்.

அடுத்து, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் மேக்னெட்டோ. காலையில் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகும் வண்டி, அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் நின்றுவிடும். ஆறினால் மறுபடி ஓடும். உடனே கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், பிளக் மாற்றுவார்கள், டேங்க் மூடியைச் சந்தேகப்படுவார்கள். லூகாஸ் மேக்னெட்டோவின் உள்ளே இருக்கும் கண்டன்சர் பழசாகிவிட்டால் இப்படித்தான் நடக்கும். சுருளின் மேல் பூசிய அரக்கும் சூட்டில் இளகி ஆர்மேச்சரை ஒட்டிப் பிடித்துவிடும். இன்ஜின் வேலைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஆரம்பத்திலேயே மேக்னெட்டோ ரீவைண்டிங்குக்கு எடுத்துவைத்துவிடுங்கள். மெழுகுத்தாள் பிரிக்காத பழைய ராணுவ ஸ்டாக் என்று கண்டன்சரோ ரப்பரோ வாங்கவும் வேண்டாம். பல்சக்கரமும் ஸ்பிண்டிலும் அப்படிக் கிடைத்தால் பொக்கிஷம். ஆனால் ரப்பரும் கண்டன்சரும் பெட்டிக்குள்ளேயே கிழமாகியிருக்கும்.

ஆயில் விஷயத்தில் வரும் தவறு இன்ஜினையே கொல்லும். இந்த வண்டிகளில் ஆயிலுக்குத் தனி டேங்க். சில வாரம் நிறுத்தி வைத்தால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். டேங்க் காலியாகத் தெரிகிறதே என்று மேலும் ஒரு லிட்டர் ஊற்றி கிக் அடிப்பார்கள். சைலன்சரில் புகை மண்டும், ஆயில் சீல் இல்லாத இடமெல்லாம் வழியும். முதலில் கீழே டிரெயின் பிளக்கைத் திறந்து இறங்கியதை எடுங்கள், பிறகு ஊற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் டேங்க் மூடியைத் திறந்து ஆயில் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். கசிவைத் தடுக்க ஆயில் குழாயில் டேப் (திறந்து மூடும் திருகு) வைப்பவர்களும் உண்டு. ஒரு நாள் அதைத் திறக்க மறந்தால் சில நிமிஷத்தில் இன்ஜின் போய்விடும். டேப்பை மூடினால் ஸ்பார்க்கும் நிற்கும்படி செய்ய முடியாவிட்டால் டேப்பே வேண்டாம்.

எம்20-ன் கம்ப்ரஷன் 4.9-க்கு 1 என்பதால் ஆக்டேன் பற்றிக் கவலை இல்லை, பெட்ரோலில் இருக்கும் எத்தனால்தான் தொந்தரவு. முன்பு இருந்தவர் டேங்க்குக்குள் பூசிய சீலன்ட்டை அது கரைத்துக் கொழகொழவென்று ஜெட்டில் கொண்டுவந்து அடைக்கும். அந்தப் பூச்சை முழுக்க எடுத்துவிடுங்கள். ரப்பர் பெட்ரோல் குழாயையும் எத்தனால் தாங்குவதாகப் பார்த்து மாற்றுங்கள். வண்டியை நிறுத்திவைக்கும் மாதங்களில் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலியாக வையுங்கள்.

டயருக்கு மட்டும் அலைய வேண்டியதில்லை. எம்20-க்கும் ஜி3/எல்-லுக்கும் 3.25-19 அளவுதான். திருவொற்றியூரில் பல காலம் தயாரான புல்லட்டுக்கும் அதே அளவு என்பதால் நம்மூர்க் கடையிலேயே கிடைத்துவிடும். வண்டியோடு வந்த பழைய டயரில் பட்டன் இன்னும் தேயாமல் இருக்கிறதே என்று அதையே வைத்து ஓட்டாதீர்கள். பக்கவாட்டில் நகத்தால் அழுத்திப் பாருங்கள், மெல்லிய வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.